ஜமைக்காவின் பள்ளிக் கால்பந்து: இரண்டு கோப்பை, ஒரு கேடயம்

ஜமைக்காவில் பள்ளிக் கால்பந்துக்கு ஆண்டுதோறும் ஒரு சாம்பியன் கிடையாது, இரண்டு. தலைநகர் கிங்ஸ்டனும் அதை ஒட்டிய நகர்ப்பகுதிகளும் ஆடுவது மேனிங் கோப்பை. தீவின் மற்றப் பகுதிகளில் இருக்கும் பள்ளிகள் ஆடுவது டகோஸ்டா கோப்பை. இந்த இரண்டிலும் வென்றவர்கள் கடைசியில் நேருக்கு நேர் மோதும் பரிசின் பெயர் ஒலிவியர் கேடயம். இதற்கு நடுவில் வாக்கர் கோப்பை, பென் பிரான்சிஸ் கோப்பை, சாம்பியன்ஸ் கோப்பை என்று வேறு சிலவும் உண்டு. சுமார் 11,000 சதுர கிலோமீட்டர் பரப்பும் முப்பது லட்சத்துக்கும் குறைவான மக்களும் கொண்ட ஒரு தீவுக்கு இத்தனை கோப்பை எதற்கு என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

யாரும் ஒரு மேசையில் உட்கார்ந்து திட்டம் போட்டு இவற்றை உருவாக்கவில்லை. ஒவ்வொரு கோப்பையும் ஒவ்வொரு காலத்தில் வந்து சேர்ந்தது. அந்தந்தக் காலத்தில் ஜமைக்காவில் யார் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போக முடிந்தது என்பதைப் பார்த்தால், கோப்பைகளின் வரலாறு தானாகவே புரிந்துவிடும். அந்த வழியில்தான் இதை விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சின்ன எச்சரிக்கை. ஜமைக்கா காலேஜ், கிங்ஸ்டன் காலேஜ், மன்ரோ காலேஜ் என்று நிறையப் பெயர்கள் வரும். இவை எல்லாம் பள்ளிகள். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரி, இந்துக் கல்லூரி என்று பள்ளிகளைச் சொல்வது போலத்தான். இரண்டு தீவுகளுக்கும் இந்தப் பழக்கம் ஒரே பிரிட்டிஷ் வீட்டிலிருந்து வந்தது.

இரண்டு கவர்னர்கள்

1907 ஜனவரி 14ஆம் தேதி ஏற்பட்ட நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் கிங்ஸ்டன் நகரத்தின் பெரும்பகுதியை அழித்தன. அதே ஆண்டு கவர்னராக வந்தவர் சர் சிட்னி ஒலிவியர். வழக்கமான காலனி அதிகாரி என்று இவரைச் சொல்ல முடியாது. லண்டனில் ஃபேபியன் சங்கத்தின் செயலாளராக இருந்த சோஷலிஸ்ட், பெர்னார்ட் ஷாவின் நண்பர். நடிகர் லாரன்ஸ் ஒலிவியருக்குப் பெரியப்பாவோ சித்தப்பாவோ முறை. பின்னாளில், 1924இல், பிரிட்டனின் முதல் தொழிற்கட்சி அரசு அமைந்தபோது இந்திய விவகாரங்களுக்கான அமைச்சராக இருந்தவரும் இவர்தான். அந்த வகையில் நம் வரலாற்றுப் புத்தகங்களிலும் ஓர் ஓரத்தில் இருக்கிறார்.

இவர் பெயரில் 1909இல் தொடங்கியதுதான் ஒலிவியர் கேடயம். ஜமைக்காவின் பள்ளிக் கால்பந்தில் எல்லாவற்றுக்கும் மூத்தது இது. அடுத்த ஆண்டே, 1910இல், சாம்ப்ஸ் என்று ஜமைக்கர்கள் சுருக்கமாகச் சொல்லும் பள்ளித் தடகளப் போட்டியும் தொடங்கியது. உசைன் போல்ட் வரைக்கும் ஓட்டக்காரர்களை உருவாக்கிய அந்தப் போட்டியை உலகம் அறியும். கால்பந்து அதைவிட ஒரு வயது பெரியது என்பது அவ்வளவாகத் தெரியாது.

1913இல் ஒலிவியர் போய், சர் வில்லியம் மேனிங் வந்தார். சோமாலிலாந்தில் சண்டை போட்ட ராணுவக்காரர், நியாசாலாந்தில் (இன்றைய மலாவி) கவர்னராக இருந்தவர். 1914இல் இவர் பெயரில் கிங்ஸ்டன் பகுதிப் பள்ளிகளுக்கான கோப்பை பிறந்தது. இலங்கை வாசகர்களுக்கு இந்தப் பெயர் எங்கேயோ கேட்டது போல இருக்கும். அதே மனிதர்தான்! 1918இல் ஜமைக்காவிலிருந்து நேராக இலங்கைக்கு மாற்றப்பட்டு 1925 வரை அங்கே கவர்னராக இருந்தார். பாடப்புத்தகத்தில் வரும் மனிங் அரசியல் சீர்திருத்தங்கள் இவருடையவை. கொழும்பு புறக்கோட்டையில் காய்கறிக்குப் பேர்போன மனிங் சந்தையும் இவர் பெயரில் இருந்ததுதான். கொழும்பில் இவர் பெயரைச் சொன்னால் வாக்குரிமைச் சண்டையும் வெங்காய மூட்டையும் நினைவுக்கு வரும். கிங்ஸ்டனில் சொன்னால் கால்பந்து மட்டும்தான்.

மேனிங் கோப்பை வந்த பிறகு மூத்த கேடயத்தின் வேலை மாறிவிட்டது. நகரத்தில் வென்றவரும் நாட்டுப்புறத்தில் வென்றவரும் மோதுகிற பரிசாக அது ஆனது. இன்றைக்கும் அதன் இடம் அதுதான்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மேற்கு முனையில் இருக்கும் வெஸ்ட்மோர்லண்ட் பாரிஷில் (பாரிஷ் என்றால் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்) மேனிங்ஸ் ஸ்கூல் என்று 1738இல் தொடங்கிய ஒரு பழைய பள்ளி இருக்கிறது. அது ஆடுவது மேனிங் கோப்பையில் அல்ல, டகோஸ்டா கோப்பையில். பள்ளியின் பெயர் தாமஸ் மேனிங் என்ற தோட்ட முதலாளியால் வந்தது, கவர்னருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அப்புறம் மைக்கேல் மேன்லி என்று ஒரு பிரதமர் வருவார். அவர் வேறு ஆள்.

நாட்டுப்புறம் காத்திருந்த கதை

ஜமைக்காவில் 14 பாரிஷ்கள். கிங்ஸ்டன், அதைச் சுற்றியிருக்கும் செயின்ட் ஆண்ட்ரூ, பக்கத்தில் செயின்ட் கேத்தரின் பாரிஷின் ஸ்பானிஷ் டவுன், போர்ட்மோர் போன்ற நகரங்கள், இவ்வளவுதான் மேனிங் கோப்பையின் எல்லை. அதே செயின்ட் கேத்தரினுக்குள் கொஞ்சம் உள்ளே போனால் லின்ஸ்டெட் என்ற சந்தை ஊர் வரும். அங்கே இருக்கும் டின்ட்ஹில் டெக்னிக்கல் பள்ளி டகோஸ்டா கோப்பையில் ஆடுகிறது. பாரிஷ் எல்லையைவிட நகரமா கிராமமா என்பதே முக்கியம். பள்ளிகளுக்கான கிரிக்கெட்டிலும் இதே கோடுதான்: நகரத்துக்கு ஒரு கோப்பை (நெடுங்காலம் அதன் பெயர் சன்லைட் கோப்பை), நாட்டுப்புறத்துக்கு ஹெட்லி கோப்பை. தடகளத்தில் மட்டும் எல்லாரும் ஒரே மைதானத்தில் நிற்கிறார்கள். ஓட்டப் பந்தயத்தைச் சில நாளில் முடித்துவிடலாம். கால்பந்துக்கு மாதக்கணக்கில் வாரா வாரம் பயணம் போக வேண்டும், நடுவே மலைத்தொடர் வேறு.

நகரத்துக்குக் கோப்பை கிடைத்து 36 ஆண்டுகள் கழித்து, 1950இல்தான், நாட்டுப்புறத்துக்கு டகோஸ்டா கோப்பை வந்தது. டகோஸ்டா பிரதர்ஸ் என்ற வணிக நிறுவனத்தின் பெயர் அது. நகரத்துக்குக் கவர்னரின் பெயர், நாட்டுப்புறத்துக்கு வியாபாரியின் பெயர். இதில் பெரிய சதி ஒன்றும் இல்லை என்றாலும் 1914க்கும் 1950க்கும் நடுவே காலம் எவ்வளவு மாறியிருந்தது என்று இது காட்டுகிறது. ஜமைக்காவில் வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை கிடைத்தது 1944இல்.

ஏன் இவ்வளவு தாமதம்? அந்தக் காலத்தில் நாட்டுப்புறத்தில் ஆட்டம் ஆடும் அளவுக்கு உயர்நிலைப் பள்ளிகளே குறைவு. இருந்தவற்றில் பல வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிகள். செயின்ட் எலிசபெத் பாரிஷில் மலைமேல் இருக்கும் மன்ரோ காலேஜ் அப்படி ஒன்று. 1856இல் தொடங்கியபோது அதற்குப் போட்ஸ்டாம் ஸ்கூல் என்று பெயர். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் ஊரின் பெயரை வைத்துக்கொண்டிருக்க முடியாமல் மாற்றிக்கொண்டார்கள். இங்கிலாந்தின் லீக் கால்பந்தில் ஆடிய முதல் ஜமைக்கரான லிண்டி டெலபென்ஹா இந்தப் பள்ளிக்காரர். போர்ட்ஸ்மவுத், மிடில்ஸ்பரோ அணிகளுக்கு ஆடிவிட்டு ஊருக்குத் திரும்பி வானொலியில் விளையாட்டு வர்ணனை செய்தார். டகோஸ்டா கோப்பை பிறப்பதற்கு முன்பே அவர் பள்ளியை முடித்துவிட்டார்.

பள்ளிக் கதவு திறந்த பிறகு

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஆட்டத்தைவிடக் கல்விக் கொள்கை பற்றியது என்றாலும்.

மேனிங் கோப்பையின் முதல் சில பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டால், திரும்பத் திரும்ப வருவது ஒரு கைப்பிடி பள்ளிகளின் பெயர்கள்தான். 1729இல் தொடங்கிய வுல்மர்ஸ். 1789இல் வேர்விட்ட ஜமைக்கா காலேஜ். 1850இல் சேசு சபைக் குருமார்கள் தொடங்கிய செயின்ட் ஜார்ஜஸ் காலேஜ். 1912இல் பாப்டிஸ்டுகள் தொடங்கிய காலபார். ஜமைக்காவின் பெரும்பாலான குழந்தைகள் தொடக்கப் பள்ளியோடு நின்றுவிட்ட காலம் அது. உயர்நிலைப் பள்ளிக்குக் கட்டணம் கட்ட வேண்டும். கட்ட முடிந்தவர்களின் தோல் நிறமும் பெரும்பாலும் வெளுப்பாக இருந்தது.

1925இல் ஆங்கிலிகன் பாதிரியார் பெர்சிவல் கிப்சன் கிங்ஸ்டன் காலேஜைத் தொடங்கினார். வசதி குறைந்த கறுப்பினக் குடும்பங்களின் கெட்டிக்காரப் பையன்களுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்பது அவர் எண்ணம். ஊதாவும் வெள்ளையும் அதன் நிறங்கள். வீரன் விழலாம், பணிய மாட்டான் என்பது அதன் லத்தீன் முழக்கத்தின் பொருள். பழைய பள்ளிகளை மைதானத்தில் தோற்கடிப்பதில் இந்தப் பள்ளிக்கு இருந்த வெறி வெறும் விளையாட்டு வெறி அல்ல என்று ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. 1960களில் ஜார்ஜ் தாம்சன் என்ற பயிற்சியாளரின் கீழ் கிங்ஸ்டன் காலேஜ் நகரத்தின் பெரிய சக்தியானது. ஜமைக்கா காலேஜும் கிங்ஸ்டன் காலேஜும் மோதுகிற நாளில் கருநீலமும் ஊதாவுமாக மைதானம் இரண்டாகப் பிளந்து நிற்கும். எது பெரிய பகை என்று கேட்டால் காலபார்காரர்கள் வேறு பதில் சொல்வார்கள், அதை அவர்களே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும்.

1950களின் இறுதியில் காமன் என்ட்ரன்ஸ் தேர்வு வந்தது. பத்துப் பதினோரு வயதில் எழுதும் ஒரு தேர்வில் தேறினால் உயர்நிலைப் பள்ளியில் இலவச இடம். 1962இல் சுதந்திரம். 1960களின் பிற்பகுதியில் நாடு முழுக்கப் புதிய ஜூனியர் செகண்டரி பள்ளிகள் கட்டப்பட்டன. 1973இல் பிரதமர் மைக்கேல் மேன்லி, உயர்நிலைக் கல்வி எல்லாருக்கும் இலவசம் என்று அறிவித்தார். அவரும் அவருடைய அப்பா நார்மன் மேன்லியும் ஜமைக்கா காலேஜ் பழைய மாணவர்கள். அப்பா 1911ஆம் ஆண்டு சாம்ப்ஸில் நூறு கஜத்தைப் பத்து வினாடியில் ஓடி வைத்த சாதனை நாற்பது ஆண்டுக்கு மேல் நின்றது.

இதன் விளைவு கோப்பைப் பட்டியலில் தெளிவாகத் தெரியும். பையன்கள் பெருகினார்கள், பள்ளிகள் பெருகின, வெற்றிபெறும் பெயர்களும் மாறின. நகரத்தில் கேம்பர்டவுன் பள்ளி எழுந்தது. பாப் மார்லி வளர்ந்த ட்ரெஞ்ச் டவுனிலிருந்து சார்லி ஸ்மித் பள்ளி வந்து மேனிங் கோப்பையைத் தூக்கியது. நாட்டுப்புறத்தில் விடுதிப் பள்ளிகளின் இடத்தை டெக்னிக்கல் பள்ளிகள் பிடித்தன: டின்ட்ஹில், கரும்புக்காட்டு நடுவில் இருக்கும் வீர் டெக்னிக்கல், சாண்டா குரூஸில் இருக்கும் செயின்ட் எலிசபெத் டெக்னிக்கல். கைத்தொழில் கற்க வந்த பிள்ளைகள் படித்த பள்ளிகள் இவை.

டகோஸ்டா கோப்பையின் வரைபடத்தில் ஒரு பாரிஷை மட்டும் தனியாகக் கவனிக்கலாம்: தெற்கே இருக்கும் கிளாரெண்டன். கரும்பும் பாக்ஸைட்டும் விளையும் மண். கிளாரெண்டன் காலேஜ், க்ளென்முயர், வீர் டெக்னிக்கல், கார்வி மேசியோ, லெனன், இத்தனை பேரும் ஒரே பாரிஷ். இங்கே அரையிறுதி என்றால் பல சமயம் பக்கத்து ஊரோடு சண்டை. 1977இல் வின்ஸ்டன் சுங்-ஃபா பயிற்சியில் கிளாரெண்டன் காலேஜ் டகோஸ்டா கோப்பையை வென்றதோடு நிற்காமல் ஒலிவியர் கேடயத்தையும் கொண்டுபோனது. நாட்டுப்புறத்தின் மிகச் சிறந்த அணி அதுவே என்று இன்றும் வாதாடுகிறவர்கள் நிறைய. அந்த அணியில் ஆடிய லென்வொர்த் ஹைட்டை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவர் பின்னாளில் அதே பள்ளிக்குப் பயிற்சியாளராக வந்து 2018இல் டகோஸ்டா கோப்பையை மறுபடி வாங்கிக்கொடுத்தார். அதே ஆண்டு நகரத்தில் கிங்ஸ்டன் காலேஜ் 1986க்குப் பிறகு முதல்முறையாக மேனிங் கோப்பையை வென்றது. 32 ஆண்டுகள் காத்திருந்த பழைய மாணவர்களில் பலர் அதற்குள் தாத்தா ஆகியிருப்பார்கள்.

எப்படி நடக்கிறது

இரண்டையும் நடத்துவது இஸ்ஸா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பள்ளிகளுக்கிடையேயான விளையாட்டுச் சங்கம். பள்ளித் தலைமையாசிரியர்கள் கையில் இருக்கும் அமைப்பு, தேசியக் கால்பந்துச் சங்கம் வேறு. செப்டம்பரில் பள்ளி திறந்ததும் ஆட்டம் தொடங்கும், நவம்பர் இறுதி அல்லது டிசம்பரில் முடியும். முதல் பருவம் கால்பந்துக்கு, அடுத்தது தடகளத்துக்கு என்று எழுதாத உடன்படிக்கை.

மேனிங் கோப்பையில் நாற்பதை ஒட்டிய பள்ளிகள், டகோஸ்டா கோப்பையில் அதைவிடக் கணிசமாகக் கூடுதல். முதலில் சிறு குழுக்களாகப் பிரிந்து லீக் ஆட்டம். குழுவில் மேலே வருகிறவர்கள் இரண்டாம் சுற்றுக்கு, அங்கிருந்து காலிறுதி, அரையிறுதி, இறுதி. எத்தனை குழு, எத்தனை சுற்று என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், மனப்பாடம் செய்ய வேண்டாம். வாக்கர் கோப்பை நகரப் பள்ளிகளுக்கான நாக்-அவுட், பென் பிரான்சிஸ் கோப்பை நாட்டுப்புறப் பள்ளிகளுக்கான நாக்-அவுட். 2014இல் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பணத்தில் சூப்பர் கோப்பை என்று ஒன்று தொடங்கியது. நகரமும் நாட்டுப்புறமும் கலந்து ஆடும் நாக்-அவுட். அதன் வழித்தோன்றல்தான் இப்போதைய சாம்பியன்ஸ் கோப்பை.

இந்தப் புதுக் கோப்பையால் பாதிக்கப்பட்டது வேறு யாருமில்லை, மூத்த கேடயம்தான். முன்பெல்லாம் நகரத்து சாம்பியனும் நாட்டுப்புற சாம்பியனும் சந்திக்க இருந்த ஒரே இடம் ஒலிவியர் கேடயம். பல ஆண்டுகள் அதை இரண்டு ஆட்டமாக, நகரத்தில் ஒன்று நாட்டுப்புறத்தில் ஒன்று என்று ஆடினார்கள். மான்டிகோ பேயின் ஜாரெட் பார்க் மைதானத்துக்கோ மே பென் நகரத்துக்கோ கிங்ஸ்டனிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆள் வருவார்கள். இப்போது சீசன் நடுவிலேயே இந்த இரண்டு உலகமும் மோதிவிடுகின்றன. டிசம்பரில் கேடயம் வரும்போது பையன்களும் களைத்திருப்பார்கள், பார்வையாளர்களும் களைத்திருப்பார்கள். ஒரு விளம்பரதாரரின் வசதிக்காக நூறு வயதுப் பரிசை ஓரம் தள்ளுவது எனக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. ஆனால் புதுக் கோப்பையில் நல்ல ஆட்டங்கள் கிடைக்கின்றன என்பதையும் மறுக்க முடியாது.

புகழும் அதன் விலையும்

பள்ளி ஆட்டத்துக்கு வரும் கூட்டம், உள்ளூர் தொழில்முறை லீக்குக்கு வருவதில்லை. பெரிய கிளப்கள் பொறாமைப்படும் அளவுக்குப் பள்ளி அணிகளுக்கு ஆதரவு. இதற்குக் காரணம் பழைய மாணவர்கள். லண்டன், நியூயார்க், டொராண்டோ என்று போனவர்கள்கூடச் சங்கம் வைத்து, பூட்ஸ் வாங்க, பஸ் வாங்க, சாப்பாட்டுச் செலவுக்குப் பணம் அனுப்புகிறார்கள். ஒரு கிளப்பை மாற்றிக்கொள்ளலாம், படித்த பள்ளியை மாற்ற முடியாதே.

இந்தப் பணமும் பற்றும்தான் பழைய ஒரு சச்சரவையும் வளர்க்கின்றன. நன்றாக ஆடும் பையனை ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளி இழுத்துக்கொள்வது. ஏழைப் பையனுக்கு நல்ல பள்ளியில் இடம் கிடைக்கிறதே, அதில் என்ன தப்பு என்று ஒரு பக்கம். வளர்த்த சின்னப் பள்ளி வெறுங்கையோடு நிற்கிறதே என்று இன்னொரு பக்கம். இஸ்ஸா வயது வரம்பு, வருகைப்பதிவு, குறைந்தபட்ச மதிப்பெண், பள்ளி மாறுகிறவர்களுக்குக் கட்டுப்பாடு என்று விதிகளை இறுக்கிக்கொண்டே வருகிறது. விதி மீறிய ஆட்டக்காரரைக் களமிறக்கியதாக முறையீடு வந்து, மைதானத்தில் வாங்கிய புள்ளிகளை மேசையில் இழப்பதும் நடக்கும்.

செப்டம்பர், அக்டோபர் என்றால் ஜமைக்காவில் மழையும் புயலும். 2019 செப்டம்பரில் கிங்ஸ்டனில் ஜமைக்கா காலேஜும் வுல்மர்ஸும் ஆடிக்கொண்டிருந்தபோது மின்னல் தாக்கிப் பையன்கள் சுருண்டு விழுந்தார்கள், சிலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு மூன்று ஆண்டு முன்னால் நடந்தது இன்னும் கொடியது. 2016இல் செயின்ட் ஜார்ஜஸ் அணியின் கேப்டன் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே மைதானத்தில் சரிந்து இறந்துபோனார். பள்ளி ஆட்டக்காரர்களுக்கு இதயப் பரிசோதனை வேண்டும், மைதானத்தில் மருத்துவ ஏற்பாடு வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகுதான் தீவிரமானது. வாரத்துக்கு இரண்டு ஆட்டம், அதுவும் பல கோப்பைகளுக்காக, பதினேழு வயதுப் பையனின் உடம்புக்குத் தகுமா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. 2020இல் கொரோனாவால் ஒரு சீசன் முழுக்க நடக்கவில்லை. கல்லூரி உதவித்தொகைக்காகக் கடைசி ஆண்டை நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

அந்த உதவித்தொகைதான் பலருக்கு உண்மையான கோப்பை. க்ளென்முயரில் படித்த கோல்கீப்பர் ஆண்ட்ரே பிளேக் அங்கிருந்து அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குப் போய், 2014இல் அமெரிக்க லீக்கின் டிராஃப்டில், அதாவது கிளப்கள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளாக எடுக்கப்பட்டார். அதற்கு முந்தைய தலைமுறையில் வழி வேறு. வுல்மர்ஸ் மாணவரான ரிக்கார்டோ கார்ட்னர் 1998 உலகக் கோப்பையில் ஜமைக்காவுக்கு ஆடியபோது வயது 19. அந்தக் கோடையிலேயே இங்கிலாந்தின் போல்டன் அணி அவரை எடுத்துக்கொண்டது, 2012 வரை அங்கேயே இருந்தார்.

பெண்களுக்கும் இஸ்ஸா போட்டி நடத்துகிறது, ஆனால் பையன்களின் கூட்டமும் பணமும் அங்கே இல்லை. ஜமைக்கப் பெண்கள் அணி 2019, 2023 இரண்டு உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்று, இரண்டாவதில் நாக்-அவுட் சுற்றுவரை போனதைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய அலட்சியம் என்று தெரியும்.

பார்த்துப் பழக விரும்புகிறவர்களுக்கு: குழுச் சுற்றை விட்டுவிடுங்கள். அதில் பத்துக்குப் பூஜ்யம் என்று சலிப்பூட்டும் முடிவுகள் நிறைய வரும். நவம்பரில் காலிறுதியிலிருந்து தொடங்கலாம். கிங்ஸ்டன் பகுதியில் ஒரு பள்ளி, நாட்டுப்புறத்தில் ஒரு பள்ளி என்று இரண்டைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டால் சுவை கூடும். கரீபியன் விளையாட்டுச் சேனல்கள் முக்கிய ஆட்டங்களை ஒளிபரப்புகின்றன. ஒரே தொல்லை நேரம்தான். ஜமைக்கா நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே மதியம் மூன்று மணிக்குப் பந்து உருண்டால் இங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றரை.